"சோம்பேறி"யின் காவலில் டைட்டானியம்!

ஆகாய விமானத்தில் இருக்கிறது. ராக்கெட்டில் இருக்கிறது. ஒடிந்த எலும்பை இணைக்கும் தகட்டிலும் இருக்கிறது. அதுதான் டைட்டானியம் என்ற உலோகம். இரும்பைவிட எடை குறைவு. கடல் தண்ணீரும் இதை அரிக்காது.

இவ்வளவு உறுதியான உலோகத்துக்கும் ஒரு பகை உண்டு. அதுதான், நாம் சுவாசிக்கும் காற்று!

காற்று பட்டால் கேடு

காற்றில் 100-க்கு 78 பங்கு நைட்ரஜன். 21 பங்கு ஆக்சிஜன். பழுக்கக் காய்ந்த டைட்டானியம் இந்த இரண்டையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு அது வளையாது, வெடித்து நொறுங்கும். விமானத்தில் அப்படிப்பட்ட துண்டு இருந்தால் என்ன ஆகும்?

எந்த வாயு நல்லது?

காற்றை வெளியேற்றிவிட்டு வேறு வாயுவை நிரப்ப வேண்டும். எதை நிரப்புவது?

செம்பைச் சூடாக்கும் உலையில் நைட்ரஜனை நிரப்புவது உண்டு. அங்கே அது பரம சாது. ஆனால், டைட்டானியம் சுமார் 800 டிகிரி சூட்டில் நைட்ரஜனிலேயே எரியும்! ஹைட்ரஜனும் உதவாது. உலோகத்துக்குள் புகுந்து அதை நொறுங்கச் செய்துவிடும். ஹீலியம் நல்லதுதான், விலைதான் அதிகம்.

மிஞ்சியது ஆர்கான். 1894-ம் ஆண்டில் ராலே பிரபுவும் ராம்சேயும் காற்றிலிருந்து பிரித்துக் கண்டுபிடித்த வாயு இது. கிரேக்க மொழியில் இந்தப் பெயருக்குச் "சோம்பேறி" என்று பொருள். எதனுடனும் சேராது. அந்தச் சோம்பலே இங்கே சிறப்பு!

லக்சம்பர்க் நாட்டு விஞ்ஞானி வில்லியம் கிரோல், ஆர்கான் நிரப்பிய மூடிய கலத்தில், மெக்னீசியத்தின் உதவியால் டைட்டானியத்தைப் பிரித்தார். 1940-ல் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை பெற்றார். கேரளத்தில் சவரா என்ற ஊரில் இம்முறையில் டைட்டானியம் எடுக்கும் ஆலை 2011-ல் திறக்கப்பட்டது. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலிலும் டைட்டானியத் தாது உண்டு.

நிறமே சாட்சி

வெல்டிங் செய்யும்போதும் ஆர்கான்தான் காவல். பற்றவைத்த இடம் வெள்ளிபோல் மின்னினால் வேலை சுத்தம். நீலம் பாய்ந்தால் காற்று புகுந்துவிட்டது. சாம்பல் நிறமானால் கழிக்க வேண்டியதுதான்.

காவலனே காலன்!

ஆர்கான் விஷமல்ல. ஆனால் காற்றைவிடக் கனமானது. குழியிலும் தொட்டியிலும் தேங்கி, ஆக்சிஜனை விரட்டிவிடும். நிறமில்லை; மணமில்லை. இறங்கியவர் மயங்கி விழுவார். நிமிடங்களில் உயிர் போகும். காப்பாற்றக் குதிப்பவருக்கும் அதே கதி!

ஆகவே, கருவியால் ஆக்சிஜன் அளவைச் சோதித்து, நல்ல காற்றைச் செலுத்திய பிறகே உள்ளே இறங்க வேண்டும். உலோகத்துக்குக் காற்று பகை. மனிதனுக்கோ அதுதான் உயிர்!