கடைசி வரி ஏன் ரெண்டு தடவை வருது?



சி மொழியில் ஃபைல் ப்ரோகிராம் எழுதும் நம்மில் பலரும் ஒரு தடவையாவது இந்தக் குழியில் விழுந்திருப்போம். ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் வரிக்கு ஒன்றாக ஐந்து மார்க்குகள்: 40, 50, 60, 70, 80. மொத்தம் 300, சராசரி 60. ஆனால் நம்ம ப்ரோகிராம் என்ன சொல்லுது? ஆறு பேர், மொத்தம் 380, சராசரி 63.33! கம்பைலர் ஒரு எர்ரர் கூடக் காட்டவில்லை. தப்பான மார்க் லிஸ்ட் மட்டும் அழகாகப் பிரிண்ட் ஆகி வந்துவிடும்.

குற்றவாளி யார்? 'எஃப்-இ-ஓ-எஃப் பொய்யாக இருக்கும் வரை சுற்று' என்று நாம் எழுதும் வைல் லூப்தான்.

இந்த ஃபங்ஷன் ஜோசியம் பார்க்காது. இதற்கு முன் படிக்கப் போனபோது ஃபைலின் முடிவில் முட்டிக்கொண்டோமா என்பதை மட்டும்தான் சொல்லும். பிஸ்கட் டின்னுக்குள் பார்க்காமல் கையை விடுகிறோம். கடைசி பிஸ்கட்டை எடுத்த பிறகும் டின் காலி என்று நமக்குத் தெரியாது. மறுபடி கையை விட்டு, வெறுங்கையோடு வந்தால்தான் தெரியும். அதே கதைதான் இங்கேயும். 80-ஐப் படித்த பிறகும் லூப் ஒரு தடவை கூடுதலாகச் சுற்றுகிறது. எஃப்-கெட்ஸ் எதுவும் கிடைக்காமல் 'நல்' கொடுக்கிறது. அரேயில் பழைய 80 அப்படியே இருக்கிறது. நாம் பார்க்காமல் அதையே திரும்பக் கூட்டிவிடுகிறோம்!

"எனக்கு நேத்து சரியா ஓடுச்சே, இன்னிக்கு லேப்ல மட்டும் ஏன் தப்பா வருது?" என்று சிலர் கேட்பார்கள். கடைசி வரிக்குப் பின் என்டர் தட்டாமல் சேவ் செய்திருந்தால், அந்த வரியைப் படிக்கும்போதே முடிவு தெரிந்துவிடும், தப்பு மறைந்துகொள்ளும். என்டர் தட்டியிருந்தால் மாட்டிக்கொள்வோம். ப்ரோகிராம் அதேதான், ஃபைல்தான் வேறு.

பேசிக், பாஸ்கல் படித்துவிட்டு வந்தவர்களுக்கு இந்தக் குழப்பம் அதிகம். டர்போ பாஸ்கலில் ஈ-ஓ-எஃப் முன்கூட்டியே பார்த்துச் சொல்லும். ஜிடபிள்யூ பேசிக்கிலும் முதலில் கேட்டுவிட்டுத்தான் படிக்க வேண்டும். கேட்காமல் படித்தால் 'இன்புட் பாஸ்ட் எண்ட்' என்ற 62-ஆம் நம்பர் எர்ரர் வரும். சி-யில் முறை தலைகீழ்: முதலில் படி, பிறகு கிடைத்ததா என்று பார்.

ஆகவே செய்ய வேண்டியவை:

1. எஃப்-கெட்ஸையே வைல் கண்டிஷனுக்குள் வையுங்கள். அது 'நல்' தராத வரை மட்டும் லூப் சுற்றட்டும்.

2. எஃப்-ஓபன் 'நல்' கொடுத்ததா என்று முதலிலேயே பாருங்கள். ஃபைலே திறக்காவிட்டால் படிப்பது எங்கே?

3. வரியின் கடைசி எழுத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டாதீர்கள். அது நியூலைன்தானா என்று பார்த்து வெட்டுங்கள். இல்லையென்றால், என்டர் தட்டாத கடைசி வரியில் 80 என்பது 8 ஆகிவிடும்!

4. அரேயின் அளவு 80 என்றால் எஃப்-கெட்ஸ் ஒரு தடவைக்கு 79 எழுத்துகளுக்கு மேல் படிக்காது. நீளமான வரி ரெண்டாகப் பிரிந்து வரும்.

5. லூப் முடிந்ததும் எஃப்-எர்ரர் ஃபங்ஷனைக் கேளுங்கள். நின்றது ஃபைல் முடிந்ததாலா, படிப்பதில் கோளாறு வந்ததாலா என்று அது சொல்லும். எஃப்-இ-ஓ-எஃப்-க்கும் சரியான இடம் இதுதான்.

எழுதி முடித்ததும் மூன்று ஃபைல்களை வைத்து ஓட்டிப் பாருங்கள்: என்டரோடு முடிவது ஒன்று, என்டர் இல்லாதது ஒன்று, ஒரு எழுத்தும் இல்லாத காலி ஃபைல் ஒன்று. காலி ஃபைலில் எண்ணிக்கை பூஜ்யம் என்பதால், சராசரிக்கு வகுக்கும் முன் அதையும் செக் செய்யணும்.

நாளை ஜாவாவுக்குப் போனாலும் இதே பாடம்தான்: அங்கே ரீட்லைன் 'நல்' தரும். பைத்தானில் ரீட்லைன் காலி ஸ்ட்ரிங் தரும். நடுவில் வரும் வெற்று வரியில் நியூலைன் இருப்பதால் அது காலி ஸ்ட்ரிங் ஆகாது.

மார்க் லிஸ்ட் ஆனாலும் சம்பளப் பட்டியல் ஆனாலும், கடைசி வரியில் இருப்பவரும் ஒரு மனிதர்தான். அவரை ரெண்டு தடவை எண்ணவும் வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம். ஃபைல் முடிந்ததா என்று முன்னால் கேட்காமல், வரி கிடைத்ததா என்று கேட்டுப் பழகுவோம்!