மெல்லச் செல்லும் தீவு

நடு அமெரிக்காவின் கிழக்குக் கரையில், கரீபியன் கடலை நோக்கி அமைந்துள்ள சிறிய நாடு பெலீஸ். அந்நாட்டின் பெலீஸ் நகரத்துப் படகுத்துறையிலிருந்து விசைப்படகில் ஏறினால், ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில் கீ காக்கர் என்னும் தீவை அடையலாம். ‘கீ’ என்பது மணலும் பவளமும் சேர்ந்து உருவான தாழ்வான சிறு தீவைக் குறிக்கும் சொல். இத்தீவின் நீளம் ஏறத்தாழ 8 கிலோமீட்டர். அகலமோ 2 கிலோமீட்டருக்கும் குறைவு.

‘மெல்லச் செல்க’ என்னும் பொருள் தரும் பலகைகள் இத்தீவில் பயணிகளை வரவேற்கின்றன. இங்குள்ள தெருக்கள் பெரும்பாலும் மணல் தெருக்களே. மக்கள் நடந்தும், மிதிவண்டியிலும், கோல்ஃப் வண்டி எனப்படும் சிறு வண்டியிலும் செல்கின்றனர். முதுகில் ஒரு பையைச் சுமந்துகொண்டு, குறைந்த செலவில் நாடு நாடாகச் சுற்றும் இளைஞர்கள் இத்தீவின் அமைதியை நாடி வருகின்றனர்.

இத்தீவின் மக்களும் ஒரு காலத்தில் வேற்றிடத்திலிருந்து வந்தவர்களே. 1847ஆம் ஆண்டில் மெக்சிகோவின் யுகத்தான் பகுதியில் போர் மூண்டது. உயிருக்கு அஞ்சிய குடும்பங்கள் பல எல்லையைக் கடந்து பெலீஸுக்கு வந்தன. அவற்றுள் சில கீ காக்கரில் குடியேறி, தென்னை வளர்த்தும் மீன் பிடித்தும் வாழ்ந்தன. நாட்டின் ஆட்சிமொழி ஆங்கிலம். தெருவில் பலரும் பேசுவது கிரியோல். ஆயினும், முன்னோர் கொண்டுவந்த ஸ்பானிய மொழியும் இன்றுவரை அங்கு வழங்கி வருகிறது.

1961ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் ‘ஹாட்டி’ என்னும் பெரும்புயல் பெலீஸைத் தாக்கியது. அதனால் கீ காக்கர் தீவின் குறுக்கே ஒரு கால்வாய் உண்டாயிற்று. படகுகள் செல்வதற்காக மக்கள் அதனை ஆழப்படுத்தினர்; நீரோட்டம் மேலும் அகலப்படுத்தியது. ‘பிளவு’ என்று அழைக்கப்படும் அவ்விடத்தில்தான் இன்று பயணிகள் நீந்தி மகிழ்கின்றனர்.

இத்தகைய மணல் தீவைக் கடல் அன்றாடம் அரித்துவிடாமல் காப்பது எது? தீவின் கிழக்கே கடலுக்குள் நீண்டு கிடக்கும் பவளத்திட்டே அது. பெரிய அலைகள் அதன்மீது மோதி வலிமை இழந்த பின்னரே கரையை வந்தடைகின்றன. மீனும் சிங்கி இறாலும் அங்கேதான் வாழ்கின்றன. ஆகவே, மீனவரின் பிழைப்பும் பயணிகளின் வருகையும் அத்திட்டையே சார்ந்துள்ளன.

பவளம் வெறுங்கல் அன்று. எண்ணற்ற சிற்றுயிர்கள் கூடிக் கட்டிய வீடு. பல வகைப் பவளங்கள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் அளவே வளர்கின்றன. நீந்துபவர் ஒருவர் கவனமின்றிக் கால் ஊன்றினால், பல்லாண்டு வளர்ச்சி ஒரு நொடியில் முறிந்துவிடும்.

பெலீஸின் பவளத்திட்டை யுனெஸ்கோ நிறுவனம் 1996இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அலையாத்திக் காடுகள் அழிக்கப்பட்டதால், 2009இல் அஃது ஆபத்தில் உள்ள சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நாட்டு மக்கள் வாளாவிருக்கவில்லை. அவர்களின் முயற்சியால், தன் கடற்பகுதி முழுவதிலும் எண்ணெய் தேடுவதை நிறுத்திவைக்கும் சட்டத்தைப் பெலீஸ் அரசு 2017இல் இயற்றியது. 2018இல் பவளத்திட்டு அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

‘மெல்லச் செல்க’ என்பது சோம்பலைக் கற்பிக்கும் சொல் அன்று. மெல்ல வளரும் பவளத்தின்மீது வாழும் தீவு அது. அங்கே விரைந்து அழிப்பது எளிது. விரைந்து உருவாக்குவது இயலாது.