குறும்படக் காட்சிநடை

காட்சிநடை என்பது ஒரு திரைப்படத்தின் ஒளி, நிறம், களம், உடை, சட்டக அமைப்பு ஆகியவை சேர்ந்து பார்வையாளரிடம் உண்டாக்கும் தோற்றமும் உணர்வும் ஆகும். பெரிய படங்களில் இயக்குநர், ஒளிப்பதிவாளர், கலை இயக்குநர் ஆகியோர் கூடி இதனை முடிவு செய்வர். மாணவர் குறும்படங்களுக்கு விளக்குகளும் அரங்குகளும் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே களத்தையும் பருவத்தையும் வேளையையும் தேர்ந்தெடுப்பதே பெரும்பாலும் காட்சிநடையைத் தேர்ந்தெடுப்பதாகி விடுகிறது. தென்காசி, குற்றாலம் பகுதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஆகும்.

ஒளியும் பருவமும்

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் சூன் முதல் செப்டம்பர் வரையிலான காலத்தில், செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்றால் குற்றாலத்தில் சாரல் பெய்கிறது. மேகம் மூடிய வானம் ஒளியைப் பரவலாக்குவதால் முகங்களில் கடும் நிழல் விழுவதில்லை. ஈரப்பாறை கருமையாகவும் இலைகள் அடர்பச்சையாகவும் பதிவாகும். நிறங்களில் இலேசான நீலச்சாயல் படியும். பிரிவு, காத்திருப்பு போன்ற அடங்கிய உணர்வுகளுக்கு இவ்வொளி பொருந்தும். ஆனால் ஒளிப்படக்கருவியின் வெண்சமநிலையைத் தானியங்கியாக விட்டால், அது அந்நீலத்தை ஒவ்வொரு காட்சித்துண்டிலும் ஒவ்வொரு விதமாகத் திருத்திவிடும். 5600 கெல்வின் அளவில் நிலைநிறுத்தினால் சாயல் மாறாமல் நிற்கும்.

தென்காசிக்கு அருகிலுள்ள சுந்தரபாண்டியபுரத்தில், ஏறத்தாழ இதே காலத்தில் வெயிலையும் மஞ்சள் நிறச் சூரியகாந்தி வயல்களையும் காணலாம். ஒரே நாளில் இருவேறு மனநிலைகளைப் படமாக்க இது உதவும். எனினும் ஒரே காட்சியின் துண்டுகளை இரண்டு இடங்களிலும் எடுத்தால் அவை ஒட்டுவதில்லை.

இருவேறு வழிகள்

சங்கர் இயக்கிய அந்நியன் (2005) படப்பாடல் ஒன்றுக்காகக் கலை இயக்குநர் சாபு சிரில் இவ்வூர்ப் பாறைகளில் நடிகர்களின் உருவங்களைத் தீட்டச் செய்தார். அதனால் அவ்விடம் அந்நியன் பாறை எனப் பெயர்பெற்றது. களத்தையே மாற்றும் இவ்வழி செலவு மிக்கது. இயற்கை ஒளியைப் பெரிதும் சார்ந்து படமெடுத்த பாலு மகேந்திராவின் வழி வேறு. உதகைப் பகுதியில் எடுக்கப்பட்ட மூன்றாம் பிறை (1982) அவருக்கு ஒளிப்பதிவுக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. மாணவருக்குக் கைகூடுவது பெரும்பாலும் இரண்டாவது வழியே.

முன் ஆய்வு

களத்தை முன்கூட்டியே பார்க்கும்போது, படம்பிடிக்கவிருக்கும் அதே வேளையில் ஒளிப்படங்கள் எடுத்து ஓர் அட்டையில் ஒட்டி வைப்பர். கோடையில் பேரருவி வெறும் பாறையாக நிற்பதும் உண்டு என்பதால் மாதமும் முக்கியம். மலைமேல் பெய்யும் மழையால் அருவியில் திடீரென நீர் பெருகும். 2024 மே மாதத்தில் பழைய குற்றால அருவியில் இவ்வாறு வந்த வெள்ளத்தில் ஒரு சிறுவன் உயிரிழந்தான். வெள்ள நாட்களில் அருவிக்கரை மூடப்படும். எனவே படப்பிடிப்பு அட்டவணையில் அருவிக் காட்சிகளுக்கு மாற்று நாளும் குறிக்கப்பட வேண்டும்.