கட்டாத வரிக்கு ஒரு ரோடு!
பாரிமுனை முதல் மாடிப் பூங்கா வரை, விடிகாலையில் ஒரு நடை

சென்டிரல் ஸ்டேஷனை ஒட்டி யானைகவுனி பக்கம் போகிறவர்களுக்கு வால்டாக்ஸ் ரோடு தெரியாமல் இருக்காது. பார்சல் ஆபீஸ், லாட்ஜ், லாரி, நெரிசல்! பெயர்ப் பலகையில் வ.உ.சி. சாலை என்று இருக்கும். ஆனால் ஆட்டோக்காரர் வாயில் இன்னும் வால்டாக்ஸ்தான்.

அது என்ன டாக்ஸ்? யார் கட்டியது?

யாருமே கட்டவில்லை. அதுதான் வேடிக்கை!

இதை நான் தெரிந்துகொண்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கால் கடுக்க நடந்து. ஆகஸ்டு 22-ந்தேதியை ஒட்டி வருஷா வருஷம் "மெட்ராஸ் டே" கொண்டாடுகிறார்கள் அல்லவா? 1639-ல் அந்தத் தேதியில்தான் ஆங்கிலக் கம்பெனிக்கு இந்தக் கடலோர மணல் கிடைத்ததாகக் கணக்கு. சரித்திர எழுத்தாளர் எஸ்.முத்தையாவும் நண்பர்களும் 2004-ல் இதைத் தொடங்கினார்கள். முத்தையா 2019-ல் காலமாகிவிட்டார். கொண்டாட்டம் நிற்கவில்லை. பேட்டைக்குப் பேட்டை பேச்சு, கண்காட்சி, தெருத் தெருவாக நடை. பெரும்பாலும் டிக்கெட் கிடையாது.

கோவில் இருந்த இடத்தில் கோர்ட்டு

ஐகோர்ட்டு வாசலில் கூடினோம். கொலை வழக்கு தீர்ப்பு கேட்க எத்தனை தடவை அங்கே ஓடியிருப்பேன்! காலடியில் ஓர் ஊர் புதைந்து கிடப்பது தெரியவே தெரியாது.

ஆம், முதல் "கருப்பர் பட்டணம்" கோட்டைக்கு வடக்கே இங்கேதான் இருந்தது. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். பாதி வீடுகளை அவர்கள் இடித்தார்கள். திரும்பி வந்த ஆங்கிலேயர், கோட்டையிலிருந்து பீரங்கி சுட வெட்டவெளி வேண்டும் என்று மீதியையும் இடித்தார்கள். சென்னகேசவப் பெருமாள் கோவிலும் தப்பவில்லை. பிறகு பூக்கடை பக்கம் கட்டிய கோவிலைத்தான் இன்று கும்பிடுகிறோம். "இதற்குள் வீடு கட்டாதே" என்று 1773-ல் கம்பெனி நட்ட எல்லைத் தூண்களில் ஒன்று பாரிமுனை டேர் ஹவுஸ் வளாகத்தில் இன்னும் நிற்கிறது. பஸ்சுக்கு ஓடுகிற அவசரத்தில் யார் பார்க்கிறார்கள்?

ஐகோர்ட்டு மதிலில் எம்டன் கப்பல் குண்டு விழுந்ததற்கான கல்லையும் காட்டினார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு, அந்த ஜெர்மன் கப்பல் துறைமுகத்து எண்ணெய் டாங்கிகளைக் கொளுத்திவிட்டு மறைந்தது. ஊரே மூட்டை கட்டியது. "அவன் பெரிய எம்டன்" என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அது அந்த இரவின் பயம்.

மதில் வந்தது, வரி வந்ததா?

இப்போது வால்டாக்சுக்கு வருவோம். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து, புதிய கருப்பர் பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டு கோட்டையை இரண்டு மாதம் தாக்கினார். 1769-ல் ஐதர் அலி ஊர் எல்லை வரை வந்து, கம்பெனியைக் கையெழுத்துப் போட வைத்துவிட்டுப் போனார். இனி பொறுப்பதில்லை என்று வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுப்பினார்கள். காண்டிராக்டர் பால் பென்பீல்டு.

"உங்களைக் காக்கத்தானே மதில், செலவை நீங்கள் கொடுங்கள்" என்றது கம்பெனி. ஆனால் வரி போட அதற்குச் சட்ட அதிகாரம் இல்லை. வசூல் நடக்கவே இல்லை. மதிலின் பெரும்பகுதியும் போய்விட்டது. ரோட்டின் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

மிச்சத் துண்டு பழைய ஜெயில் ரோட்டில் இருக்கிறது. படி ஏறினால் மதில் மேலேயே பூங்கா! அதனால்தான் மாடிப் பூங்கா. அங்கேயே பிறந்து வளர்ந்த ஓய்வு பெற்ற குமாஸ்தா ஒருவர் எங்களோடு வந்தார். "சின்ன வயசுலேருந்து இங்கதான் விளையாட்டு. ஏதோ மேடுன்னு நெனச்சேன் தம்பி. கோட்டை மதில்னு ஒருத்தரும் சொல்லலியே" என்றார். முகத்தில் கோபமா, வெட்கமா, தெரியவில்லை.

எனக்கும் ஒரு குறை உண்டு. வந்தவர்களில் பாதிப் பேர் அடையாறு, அண்ணாநகர்க்காரர்கள். விளக்கம் முழுக்க இங்கிலீஷ். கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் மூட்டை ஏற்றுகிறவரும், ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவரும் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்கள் ஊர்க் கதையை அவர்களுக்கே சொல்லாமல் யாருக்குச் சொல்வது? நாளைக்கு அந்த மதிலில் ஒருவன் கடப்பாரை வைத்தால், ஓடி வந்து தடுக்கப்போவது அடையாறுக்காரர் அல்ல.

மீன்பாடி வண்டிக்காரர் ஒருவர் என் சட்டையைத் தொட்டு, "இன்னா சார் சொல்றாங்க?" என்றார். வரிக் கதையைத் தமிழில் சொன்னேன். ரொம்ப நேரம் யோசித்தார்.

"அந்தப் பாக்கியை இப்ப வந்து கேட்ற மாட்டாங்களே?" என்று கேட்டுவிட்டு வண்டியை மிதித்தார்.