'சர்ச்' என்னும் சொல்லின் பல பொருள்கள்

2020ஆம் ஆண்டின் ஊரடங்குக் காலத்தில், "சர்ச்சை மூடிவிட்டார்கள்" என்று நம் மக்கள் துயரத்தோடு கூறினர். பூட்டப்பட்டது கட்டடமே. ஆயினும், சபையே இல்லாமற்போயிற்றோ என்னும் கலக்கம் பலருடைய உள்ளத்தில் எழுந்தது. இக்கலக்கத்திற்கு ஒரு சொல்லின் வரலாறும் ஓரளவு காரணமாகும்.

ஆங்கிலத்தில் 'சர்ச்' என்னும் சொல் குறைந்தது ஆறு பொருள்களில் வழங்குகிறது. வழிபாட்டுக் கட்டடம், அங்கு நடைபெறும் ஆராதனை, ஓரிடத்து விசுவாசிகளின் கூட்டம், ஒரு தனிப்பிரிவின் அமைப்பு, எக்காலத்திலும் எவ்விடத்திலும் உள்ள விசுவாசிகளின் பொதுச் சபை, குருத்துவப் பணி என்பன அவை. அரசுக்கு எதிர்நிலையில் வைத்துப் பேசும்போது, சமய அதிகாரம் என்னும் ஏழாவது பொருளும் சேர்கிறது.

இச்சொல்லின் மூலம் 'ஆண்டவருக்குரியது' எனப் பொருள்படும் 'கூரியாகோன்' என்னும் கிரேக்கச் சொல்லாகும். 4ஆம் நூற்றாண்டில் அது வழிபாட்டு இல்லத்தைக் குறித்தது. புதிய ஏற்பாட்டிலோ இவ்வுரிச்சொல் ஆண்டவரின் பந்தியையும் (1 கொரி. 11:20) ஆண்டவரின் நாளையும் (வெளி. 1:10) மட்டுமே குறிக்கிறது. சபைக்கு அங்கு வழங்கும் சொல் 'எக்ளேசியா'. இது கூட்டப்பட்ட மக்களைக் குறிக்கும், எபேசு பட்டணத்து மக்களின் கூட்டத்திற்கும் இதே சொல் வழங்கியது (அப். 19:32, 39, 41).

ஆகவேதான் வில்லியம் டின்டேல் தமது 1526ஆம் ஆண்டுப் புதிய ஏற்பாட்டில் 'சர்ச்' என்பதை விலக்கி, 'காங்கிரிகேஷன்', அதாவது மக்கள் கூட்டம், என்னும் சொல்லை அமைத்தார். தாமஸ் மோர் இதனைக் கடுமையாக எதிர்த்தார். சபை எனப்படுவது குருமாரின் அதிகார அமைப்பா, விசுவாசிகள் அனைவருமா என்னும் வினா அச்சொல்லுக்குள் அடங்கியிருந்தது. பின்னர் ஜேம்ஸ் மன்னரின் மொழிபெயர்ப்பாளருக்கு வகுக்கப்பட்ட விதிகளுள் ஒன்று, 'சர்ச்' என்னும் பழைய சொல்லையே காக்கும்படி கட்டளையிட்டது. 1611இல் வெளிவந்த அம்மொழிபெயர்ப்பு, அப். 19:37இல் கோவில்களைக் கொள்ளையிடுவோரை 'சர்ச்'சுகளைக் கொள்ளையிடுவோர் என்று கூறுவது கவனிக்கத்தக்கது. அங்கு பேசப்படுவது தியானாளின் கோவிலன்றோ! கட்டடம் என்னும் பொருள் ஆங்கிலத்தில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதை இது காட்டுகிறது.

தமிழுக்கோ இவ்வறுமை இல்லை. கட்டடத்திற்கு ஆலயம், வழிபாட்டிற்கு ஆராதனை, மக்களுக்குச் சபை எனத் தனித்தனிச் சொற்கள் உள்ளன. 'சபை' என்பது சட்டசபைக்கும் வழங்குவது குறையன்று. 'எக்ளேசியா'வும் அவ்வாறே பொதுவழக்குச் சொல்லாக இருந்தது. எனினும் 'திருச்சபை' என்பதில் நாமும் விழிப்பாயிருத்தல் வேண்டும். 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையையும், விசுவாசப் பிரமாணத்தில் நாம் அறிக்கையிடும் பொதுச் சபையையும் அச்சொல் ஒருங்கே குறிக்கிறது. அமைப்பிற்குச் செலுத்தும் பற்றே கிறிஸ்துவின் உடலுக்குச் செலுத்தும் பற்று என மயங்குவதற்கு இது இடமளிக்கக்கூடும்.

ஆதலால், ஆங்கில இறையியல் நூல்களைப் பயிலும் மாணவர் 'சர்ச்' என்று காணுமிடமெல்லாம் ஒரே தமிழ்ச் சொல்லை எழுதிச் செல்லலாகாது. அவ்விடத்தில் ஆசிரியர் கருதுவது கட்டடமா, கூட்டமா, அமைப்பா என்று முதலில் கேட்க வேண்டும். போதகரும் பிரசங்க பீடத்தில் இவ்வேறுபாட்டைக் காத்தல் நலம். "சபையைக் கட்டுவேன்" என்ற ஆண்டவரின் வாக்கைக் கேட்கும்போது நம் மக்களின் மனக்கண்முன் செங்கல்லும் சுண்ணாம்பும் தோன்றுமாயின், அதற்கு நம் சொல்வழக்கும் பொறுப்பேற்க வேண்டும். ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்போரின் வீட்டில் கூடியதும் சபையே (1 கொரி. 16:19). ஆலயத்தைப் பூட்டலாம், சபைக்குப் பூட்டு இல்லை.