பட்டறையும் பாடநூலும்

ஒரு சனிக்கிழமை மாலை, அன்பியக் கூட்டம் பற்றிச் சொல்லிவர, திண்டுக்கல் நகரில் நமக்கு நன்கு அறிமுகமான ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். வீட்டின் முன்பகுதியே பூட்டுப் பட்டறை. குடும்பத் தலைவர் பித்தளைத் தகடு ஒன்றை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். உள்ளறையில் அவருடைய மகள் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். வணிக நிர்வாகவியல் பட்ட வகுப்பில் இரண்டாம் ஆண்டு பயில்கிறாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் அவளே.

அந்தப் பருவத்திற்கு அவள் இரண்டு ஒப்படைப்புக் கட்டுரைகள் தரவேண்டும். ஒன்று மேலாண்மைப் பாடத்திற்கு: ஏதேனும் ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு, வகுப்பில் கற்ற கோட்பாடுகளின்படி ஆராய வேண்டும். மற்றொன்று ஆங்கிலப் பாடத்திற்கு: வழக்கிலுள்ள ஓர் ஆங்கில ஆவணத்தை எடுத்து, அதன் மொழியைப் பகுத்துக் காட்ட வேண்டும். இரண்டையும் நம்மிடம் காட்டினாள். முதலாவது, அமெரிக்கக் கார் நிறுவனம் ஒன்றைப் பற்றிப் பன்னிரண்டு பக்கங்கள். இரண்டாவது, மேல்நாட்டுத் தலைவர் ஒருவரின் சொற்பொழிவைப் பற்றி எட்டுப் பக்கங்கள். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. ஆனால் ஒரு வரியைச் சுட்டி, “இதற்கு என்ன பொருள், அம்மா?” என்று கேட்டபோது அவள் தலை கவிழ்ந்தது. இரண்டும் கைப்பேசியிலிருந்து அப்படியே இறக்கி எழுதியவை.

“அப்பாவின் பட்டறையைப் பற்றி எழுதலாமே?” என்றோம். பதில் தந்தையிடமிருந்து வந்தது: “நம்ம பட்டறையைப் பத்தி எழுதினா காலேஜிலே சிரிப்பாங்கய்யா. அது படிச்சவங்க சமாச்சாரம்.”

அன்புள்ள பெற்றோரே, அந்த ஒரு சொல்தான் நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. சிரிப்பார்களா? அந்தப் பட்டறையில் பல்கலைக்கழகப் பாடத்திற்குரிய பொருள் உண்டா, இல்லையா? சற்றே எண்ணிப் பார்ப்போம்.

குண்டூசியும் பூட்டும்

வணிகக் கல்வியின் முன்னோடி நூல்களுள் ஒன்று, 1776-ஆம் ஆண்டில் ஆடம் ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் வெளியிட்ட நூல். நாடுகள் எவ்வாறு செல்வம் பெறுகின்றன என்று விளக்கப் புகுந்த அவர், அரண்மனையையோ கப்பலையோ எடுத்துக்காட்டாகக் கொள்ளவில்லை. ஒரு சிறிய குண்டூசிப் பட்டறையையே எடுத்துக்கொண்டார். கம்பி இழுப்பவர் ஒருவர், நிமிர்த்துபவர் ஒருவர், வெட்டுபவர் ஒருவர், கூர்செய்பவர் ஒருவர் என ஏறத்தாழப் பதினெட்டு வேலைகளாக அது பிரிந்திருந்தது. இவ்வாறு பிரித்துச் செய்ததால் பத்துப் பேர் ஒரு நாளில் 48,000 குண்டூசிகள் செய்தனர் என்றும், ஒருவரே எல்லாவற்றையும் செய்தால் நாளொன்றுக்கு இருபது செய்வதும் அரிது என்றும் அவர் கணக்குக் காட்டினார். உலகப் பல்கலைக்கழகங்கள் இன்றளவும் அந்தப் பட்டறையைப் பாடமாக நடத்துகின்றன.

குண்டூசிப் பட்டறை பாடமாகுமென்றால் பூட்டுப் பட்டறை ஆகாதா? தகடு வெட்டுதல், வளைத்தல், துளையிடுதல், லீவர்களை அரத்தால் இழைத்தல், சாவிக்குப் பல் வெட்டுதல், பொருத்துதல், மெருகிடுதல் என நம் பூட்டிலும் வேலைகள் வரிசையாக நிற்கின்றன. இவற்றுள் எதனைப் பகிர்ந்து செய்யலாம்? எதனைத் தேர்ந்த ஒரே கைதான் செய்ய வேண்டும்? அலிகாரின் இயந்திரப் பூட்டுகள் விலையில் நம்மை முந்துவது ஏன்? கையால் செய்த பூட்டின் சிறப்பு எதில் இருக்கிறது? இவையெல்லாம் மேலாண்மைக் கேள்விகளே. திட்டமிடல், ஒழுங்கமைத்தல், ஆணையிடல், ஒருங்கிணைத்தல், கட்டுப்படுத்தல் என்று பிரெஞ்சு நாட்டுப் பொறியாளர் ஆன்ரி ஃபயோல் 1916-இல் வகுத்த ஐந்து செயல்களையும் அந்தப் பட்டறைத் தந்தை ஒருவரே நாள்தோறும் செய்கிறார். பெயர்தான் அவருக்குத் தெரியாது.

அமர்ந்து கணக்கிடுதல்

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் அமர்ந்து, முடிக்கும் அளவிற்குப் பொருள் உண்டா என்று செலவைக் கணக்கிட மாட்டானா என நம் ஆண்டவர் கேட்டதை லூக்கா நற்செய்தியில் வாசித்திருக்கிறோம். அன்று மாலை நாமும் அவ்வாறே அமர்ந்தோம். தந்தை சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். அந்த வீட்டு எண்களை அச்சிடுவது முறையன்று. ஆதலால் வழியை விளக்கும் அளவிற்கு, எடுத்துக்காட்டாகச் சில எண்களைத் தருகிறோம்.

ஒரு பூட்டிற்கு இரும்பு, பித்தளை, மெருகு ஆகியவற்றிற்கு 220 ரூபாய் ஆகிறது. வியாபாரி 400 ரூபாய் தருகிறார் என்று கொள்வோம். மிச்சம் 180 ரூபாய். தொழிலாளி இதனை இலாபம் என்று எண்ணி மனநிறைவு கொள்கிறார். ஆனால் வாடகைக்கும் மின்சாரத்திற்கும் மாதம் 3,000 ரூபாய் செல்கிறதே! 3,000-ஐ 180-ஆல் வகுத்தால், மாதத்தின் முதல் பதினேழு பூட்டுகள் வாடகைக்கும் மின்கட்டணத்திற்குமே போய்விடுகின்றன. இலாபமும் நட்டமும் இல்லாத நிலை என்று பாடநூல் சொல்வது இதைத்தான்.

இன்னும் ஒன்று. அந்த மனிதரின் உழைப்புக்கு விலை இல்லையா? மாதம் 12,000 ரூபாய் ஊதியமாக அவருக்குச் சேரவேண்டுமெனில் 84 பூட்டுகள் விற்க வேண்டும். பூட்டு ஒன்றுக்கு நான்கு மணி நேரம் ஆகிறதென்றால், மாதத்தில் அறுபது பூட்டுகள் செய்வதற்கே 240 மணி நேரம் ஓடிவிடும். அந்த அறுபது பூட்டுகளால் வாடகை போகக் கையில் நிற்பது 7,800 ரூபாய். மணிக்கு 32 ரூபாய் 50 காசு. இலாபம் என்று எண்ணியிருந்தது உண்மையில் குறைந்துபோன கூலியே. அதே அறுபது பூட்டுகளுக்கு உரிய கூலி கிடைக்க வேண்டுமானால், விலை 400 அன்று, 470 ஆதல் வேண்டும்.

இந்த எழுபது ரூபாய் வேறுபாட்டைக் கண்டறிவதற்குத்தான் மேலாண்மைக் கல்வி. உழைக்கும் மனிதன் மூலதனத்திற்கு முந்தியவன் என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் வெளியிட்ட தொழிலைப் பற்றிய சுற்றுமடலில் வலியுறுத்தினார். அந்த மனிதனின் மணி நேரங்களைக் கணக்கில் சேர்க்காத கணக்கு, அறநெறியின்படியும் குறையுள்ள கணக்கேயாகும்.

ஷல் என்பதும் மே என்பதும்

விலை 470 ஆவது எப்படி? இவ்விடத்தில்தான் இரண்டாவது பாடமாகிய ஆங்கிலம் நமக்குத் துணையாகிறது.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்ததை நாம் அறிவோம். அதே ஆண்டில்தான் பழனிப் பஞ்சாமிர்தமும் அச்சிறப்பைப் பெற்றது. சிறுமலை வாழை அதற்கு முன்னரே பெற்றுவிட்டது. ஆயினும் 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பொருளுக்குக் குறியீடு கிடைத்தால் மட்டும் போதாது; அதனைப் பயன்படுத்த விரும்பும் உற்பத்தியாளர் அங்கீகாரம் பெற்ற பயனராகத் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும். அதற்குரிய பதிவகம் சென்னையிலேயே உள்ளது. ஆனால் சட்டமும் விதிகளும் படிவங்களும் ஆங்கிலத்தில் உள்ளன. கதவு திறந்திருக்கிறது, வாசலில் எழுதியிருப்பதைப் படிக்க ஆளில்லை.

கடன் பத்திரமும் அப்படியே. அத்தகைய பத்திரம் ஒன்றை எடுத்து, அதிலுள்ள துணைவினைகளை மட்டும் எண்ணிப் பார்க்கட்டும் நம் மாணவி. ‘ஷல்’ என்றால் செய்தே தீரவேண்டும்; ‘மே’ என்றால் விரும்பினால் செய்யலாம். கடன் வாங்குபவர் பக்கத்தில் ‘ஷல்’ எத்தனை, கொடுப்பவர் பக்கத்தில் ‘மே’ எத்தனை என்று இரு பத்திகளாக எழுதினால், யார் கட்டுண்டவர், யார் கட்டற்றவர் என்பது தானே விளங்கும். அதுபோலவே செயப்பாட்டு வினை. ‘முடிவு செய்யப்பட்டுள்ளது’ என்று ஒரு கடிதம் சொல்கிறது. செய்தவர் யார்? வாக்கியம் அவரை மறைத்துவிட்டது. எவரிடம் முறையிடுவது என்று தெரியாமல் ஏழை திரும்பிவருகிறான்.

மொழியறிஞர் மைக்கேல் ஹாலிடே எந்த உரையை ஆராயும்போதும் மூன்று கேள்விகள் கேட்கக் கற்பித்தார்: எதைப் பற்றிய பேச்சு? யாருக்கும் யாருக்கும் இடையே நிகழும் பேச்சு? எவ்வழியாக நிகழும் பேச்சு? பூட்டின் அட்டைப்பெட்டிமேல் ஒட்டும் நான்கு ஆங்கில வரிகளை இம்மூன்று கேள்விகளால் சோதித்து எழுதினால், தொலைவிலுள்ள வாங்குபவர் இது கையால் இழைத்த பூட்டு, இத்தனை லீவர் உடையது, இன்ன ஊரில் செய்தது என்று அறிந்து அதற்குரிய விலையைத் தர முன்வருவார். கணக்கு, விலை என்னவாக இருக்க வேண்டும் என்று சொல்லும்; மொழி, அந்த விலையைக் கேட்கும் துணிவைத் தரும்.

பிறமொழியைப் பகுத்து ஆராய்வது நமக்குப் புதிதன்று. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் தமிழைப் பயின்றதோடு நில்லாமல், அதன் பேச்சு வழக்கிற்கும் செந்தமிழ் வழக்கிற்கும் தனித்தனியே இலக்கணம் வகுத்தார். 1732-இல் சதுரகராதியைத் தொகுத்தார். அவர் பாடிய தேம்பாவணியின் தலைவர், நம் மறைமாவட்டப் பேராலயத்தின் பாதுகாவலராகிய தச்சுத் தொழிலாளி சூசையப்பரே! அந்நிய மொழியை அஞ்சி மனப்பாடம் செய்தவரல்லர் முனிவர். பிரித்துப் பார்த்துத் தமதாக்கிக் கொண்டவர்.

கல்லூரி சிரிக்குமா?

மேலாண்மைக் கல்வியும் திருச்சபைக்கு அந்நியமன்று. 1949-இல் ஜாம்ஷெட்பூரில் சேவியர் தொழிலுறவு நிறுவனத்தையும், 1979-இல் சென்னையில் இலயோலா வணிக நிர்வாக நிறுவனத்தையும் நிறுவியவர்கள் இயேசு சபைத் துறவிகளே.

நம் ஊருக்கு அருகிலேயே காந்திகிராமம் இருக்கிறது. டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கிய அப்பணியிலிருந்து 1956-இல் கிராமிய உயர்கல்வி நிறுவனம் கிளைத்தது. 1976-இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. மாணவர்கள் சிற்றூர்களுக்குச் சென்று தங்கி, அங்குள்ள வாழ்வைக் கற்பது அதன் பாடத்திட்டத்திலேயே இடம்பெற்றது. ஆகவே பட்டறையைப் பாடமாக்குவதைக் கண்டு கற்றறிந்தோர் சிரிப்பதில்லை. பட்டறையில் பிறந்தவர் அதனை மறைப்பதுதான் வருந்தத்தக்கது.

படியெடுப்பதை அறிவுலகம் பொறுத்துக்கொள்வதும் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வகுத்த விதிகளின்படி, ஆய்வேட்டில் பத்து விழுக்காட்டிற்கு மேல் பிறர் எழுத்தோடு ஒத்திருந்தால் நடவடிக்கை உண்டு. அறுபதைத் தாண்டினால் மாணவரின் பதிவே நீக்கப்படலாம். இன்று செயற்கை நுண்ணறிவு நொடியில் பன்னிரண்டு பக்கம் எழுதித் தருகிறது. ஆனால் இந்த மாதம் பித்தளை என்ன விலைக்கு வந்தது, எந்த வியாபாரி பணத்தை எத்தனை நாள் நிறுத்தி வைத்தார் என்பது அப்பாவின் வாயிலிருந்து வராமல் எந்த இயந்திரத்திற்கும் தெரியாது. திருடிய மதிப்பெண் திருட்டுத்தான் என்பதோடு, அப்பிள்ளை கற்றிருக்க வேண்டியதையும் அது பறித்துக்கொள்கிறது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

உங்கள் தொழில் பூட்டாயினும், சின்னாளப்பட்டித் தறியாயினும், நிலக்கோட்டைப் பூவாயினும், ஒட்டன்சத்திரம் சந்தைக்கு ஏற்றும் காய்கறியாயினும், அதன் கணக்கைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். “உனக்கு எதற்கு இதெல்லாம்? நீ படி” என்று சொல்லாதீர்கள், இதுவும் படிப்பே. வீட்டிற்கு வரும் ஆங்கிலக் கடிதத்தைப் பிள்ளை வாசித்துத் தமிழில் பொருள் சொல்லும்படி கேளுங்கள். தெரியவில்லை என்றால் கடிந்துகொள்ளாமல், பங்கிலுள்ள ஆசிரியர் எவரிடமேனும் அனுப்புங்கள். பட்டம் பெற்றுப் பணியிலிருப்போர் மாதத்தில் ஒரு மாலையைப் பங்கு மன்றத்தில் இதற்கென ஒதுக்கினால், எத்தனையோ குடும்பங்கள் பத்திரம் புரிந்து கையொப்பமிடும்.

அந்த மாணவி இரண்டு கட்டுரைகளையும் புதிதாக எழுதினாள். பக்கங்கள் குறைந்தன, ஆங்கிலத்தில் பிழைகளும் இருந்தன. ஆனால் எந்த வரியைச் சுட்டிக் கேட்டாலும் அவளிடம் விடை இருந்தது. பின்னொரு நாள் அவ்வில்லத்திற்குச் சென்றபோது, பட்டறைச் சுவரில் பழைய நாள்காட்டித் தாள் ஒன்று பின்புறம் தெரியத் தொங்கியது. அதில் தேதிவாரியாகப் பூட்டின் எண்ணிக்கையும் அதற்கான மணி நேரமும் பென்சிலால் குறிக்கப்பட்டிருந்தன. எழுத்து மகளுடையதன்று, தந்தையுடையது.

நாசரேத்தில் உலகின் மீட்பர் வளர்ந்ததும் ஒரு பட்டறையில்தான். தச்சனின் மகன் என்று ஊரார் இகழ்ந்தபோதும் அவர் அதை மறைக்கவில்லை. நம் பிள்ளைகளும் தங்கள் தந்தையின் தொழிலைத் தலைநிமிர்ந்து எழுதட்டும். அதற்கு முதலில் நாம் அதைத் தலைநிமிர்ந்து அவர்களுக்குச் சொல்வோம்.