உஷார்! முதல் டிப்ஸ் பலித்துவிட்டதா? அங்கேதான் ஆபத்து

சனிக்கிழமை காலை போனில் ஒரு செய்தி வருகிறது. "அண்ணே, இன்னைக்கு பெங்களூர் மூணாவது ரேஸ், அஞ்சாம் நம்பர் குதிரை. காசெல்லாம் வேண்டாம், சும்மா பாருங்க." அனுப்பியவர் யாரென்று தெரியாது. சும்மாதானே என்று சாயங்காலம் முடிவைப் பார்க்கிறீர்கள். அஞ்சாம் நம்பர் கெலித்திருக்கிறது. அடுத்த வாரம் மைசூர். அதுவும் கெலிக்கிறது. அதற்கடுத்த வாரம் ஹைதராபாத். அங்கேயும் சொன்ன குதிரையே முதலில் வருகிறது. நாலாவது வாரம் அவர் போன் செய்யவில்லை. நீங்கள் செய்கிறீர்கள்.

செய்யாதீர்கள். பலிக்காத டிப்ஸை நம்பி யாரும் குடி முழுகிப் போனதில்லை. ஒரு தடவை நூறோ இருநூறோ போகும், திட்டிவிட்டு மறந்துவிடுவோம். வீட்டுப் பத்திரத்தை அடகுக்கடைவரை கொண்டுபோவது வரிசையாகப் பலித்த டிப்ஸ்தான். அப்படி வரிசையாகப் பலிக்க வைக்கக் குதிரையைப் பற்றி ஒரு எழுத்துகூடத் தெரிந்திருக்க வேண்டாம். வகுத்தல் கணக்குத் தெரிந்தால் போதும்.

எப்படி என்று பாருங்கள். ஆறு குதிரைகள் ஓடும் ரேஸ் ஒன்று. 7,776 போன் நம்பர்களை ஆறு கட்டாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டுக்கும் ஒவ்வொரு குதிரையின் பெயரை அனுப்புகிறார்கள். எந்தக் குதிரை ஜெயித்தாலும் 1,296 பேருக்குச் சரியான டிப்ஸ் வந்திருக்கும். மற்றவர்களை அப்படியே கைகழுவிவிட்டு, இந்த 1,296 பேரை மறுபடி ஆறாகப் பிரிக்கிறார்கள். இரண்டாவது ரேஸ் முடிந்ததும் 216 பேர். மூன்றாவதில் 36. நாலாவதில் 6. ஐந்தாவதில் ஒரே ஒருவர். அந்த ஒருவருக்கு ஐந்து டிப்ஸும் அச்சாகப் பலித்திருக்கிறது. தனக்குப் பின்னால் 7,775 பேர் ஏமாந்து நிற்பது அவருக்கு எப்படித் தெரியும்? அவர் கண்ணுக்கு அனுப்பியவர் தெய்வம்.

இது என் கற்பனைக் கணக்கு இல்லை. 2008இல் இங்கிலாந்தின் சேனல் 4 தொலைக்காட்சியில் 'தி சிஸ்டம்' என்ற நிகழ்ச்சியில் டெரன் பிரவுன் என்ற மாயவித்தைக் கலைஞர் இதே 7,776 பேரை வைத்து இதையேதான் செய்து காட்டினார். கடைசியில் மிஞ்சிய பெண்மணி ஐந்து ரேஸிலும் ஜெயித்து, ஆறாவதற்குப் பெருந்தொகையோடு வந்து நின்றார். நல்லவேளை, அது நிகழ்ச்சி. கடைசியில் ரகசியத்தை உடைத்துச் சொல்லிவிட்டார்கள். உங்கள் போனில் இருப்பவர் சொல்ல மாட்டார். அன்று அத்தனை பேருக்குத் தனித்தனியாகச் செய்தி அனுப்பப் பெரும் ஏற்பாடு தேவைப்பட்டது. இன்று நாலைந்து டெலிகிராம் சேனலும் ஒரு கம்ப்யூட்டரும் போதும். ஒரு சேனலில் ஒரு குதிரை, இன்னொன்றில் இன்னொன்று. தோற்றதை அழித்துவிட்டால் தடயமே இருக்காது. மிஞ்சுவது 'கெலித்த' ஸ்க்ரீன்ஷாட்டுகள் மட்டும். அவற்றைப் பார்த்துத்தான் புதுப் பார்ட்டிகள் வந்து விழுகிறார்கள்.

அப்படியானால் குதிரையைக் கணிக்கவே முடியாதா என்று கேட்பீர்கள். கணிக்கிறார்கள். ரேஸ் நாள் காலையில் பத்திரிகைகளில் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். குதிரை கடைசியாக ஓடிய நாலைந்து ரேஸ்களின் ஃபார்ம், இன்றைய தூரம் அதற்கு ஒத்துவருமா, சுமக்கும் எடை எவ்வளவு, ஜாக்கி யார், எந்த கேட்டிலிருந்து புறப்படுகிறது, விடிகாலைப் பயிற்சி ஓட்டத்தில் எத்தனை விநாடி எடுத்தது, ராத்திரி மழை பெய்து தரை இளகியிருக்கிறதா என்று எல்லாவற்றையும் பார்த்துத்தான் எழுதுகிறார்கள். தங்கள் கணிப்பை எல்லாரும் பார்க்கும்படி அச்சில் போடுகிறார்கள். தோற்றால் மறுநாள் அழிக்க முடியாது. 1996இல் சுப்ரீம் கோர்ட், தமிழ்நாட்டின் 1974ஆம் ஆண்டுத் தடைச் சட்டம் தொடர்பான லட்சுமணன் வழக்கில், குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்டம் அல்ல, திறமை சார்ந்தது என்று தீர்ப்புச் சொன்னது இந்த வகை உழைப்பை மனதில் வைத்துத்தான். டிப்ஸ் வியாபாரிகள் இந்தத் தீர்ப்பைத் தங்களுக்குக் கிடைத்த சான்றிதழ்போல நீட்டுவார்கள். "சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாச்சு சார்." கோர்ட் சொன்னது ரேஸைப் பற்றி. இவரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

நேர்மையாகக் கணிப்பவர்களும் எவ்வளவு தூரம் போக முடியும்? எல்லாருடைய பணமும் எந்தக் குதிரை மேல் குவிகிறதோ அதுதான் பேவரிட். உலகம் முழுக்கப் பேவரிட் ஜெயிப்பது ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. மற்ற இரண்டு தடவையும் கூட்டத்தின் மொத்த அறிவும் தோற்கிறது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நம் ஊர் ரேஸ்களில் பெரும்பாலானவை ஹேண்டிகேப் வகை. நன்றாக ஓடும் குதிரைக்கு எடையை ஏற்றி, சுமாராக ஓடுவதற்குக் குறைத்து, எல்லாம் ஒரே கோட்டில் வந்து முடிக்க வேண்டும் என்று ஒரு அதிகாரி உட்கார்ந்து கணக்குப் போடுகிறார். ஹேண்டிகேப்பர் என்று பெயர். அவர் வேலையைச் சரியாகச் செய்திருந்தால், யார் ஜெயிப்பார் என்று சொல்வது கடினமாகத்தான் இருக்கும். கணிப்பவரைத் திணறடிப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் ஒருவர் இருக்கும் ஆட்டத்தில் 'நூறு சதவீதம் ஷ்யூர்' என்று ஒருவர் சொன்னால், அவர் வேறு எதையோ விற்கிறார் என்று அர்த்தம்.

ஓடும்போது நடப்பது தனிக் கதை. 2022 கென்டக்கி டெர்பியில் ஜெயித்த ரிச் ஸ்ட்ரைக், அதற்கு முந்தைய நாள்வரை அந்த ரேஸிலேயே இல்லை; வேறு குதிரை விலகியதால் கடைசி நேரத்தில் உள்ளே வந்தது. ஒன்றுக்கு எண்பது. 1967 கிராண்ட் நேஷனலில் ஒரு தடுப்பருகே முன்னால் போன குதிரைகள் ஒன்றன்மேல் ஒன்று இடித்துக் குழம்ப, வெகு பின்னால் வந்த ஃபோய்னவான் அந்தக் குழப்பத்தைத் தாண்டிப் போய் ஜெயித்தது. ஒன்றுக்கு நூறு. எந்த லாயத்து ரகசியத்தில் இது இருந்திருக்கும்?

'ஜாக்பாட் டிப்ஸ்' என்று விற்பவர்களுக்கு இன்னும் தைரியம் அதிகம். ஜாக்பாட் என்றால் அடுத்தடுத்த ஐந்து ரேஸ்களிலும் முதல் குதிரையைச் சொல்ல வேண்டும். ரேஸுக்குப் பத்துக் குதிரை என்று வைத்துக்கொண்டால் ஒரு லட்சம் சேர்க்கைகள். சேனலில் வரும் ஒற்றை வரிசை அந்த லட்சத்தில் ஒன்று.

சரி, உங்கள் டிப்ஸ்காரர் உண்மையிலேயே திறமைசாலி என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கணக்கு உதைக்கிறது. குதிரைப் பந்தயத்துக்கு ஜிஎஸ்டி 28 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். அதுவும் லாபத்துக்கு இல்லை, பந்தயம் கட்டும் தொகைக்கு. மூன்று ரேஸில் பேவரிட் மேல் தலா 100 ரூபாய் கட்டினால், வரியோடு 420 ரூபாய் போகிறது. ஒன்று ஜெயித்து 100க்கு 250 கிடைத்தது என்று வையுங்கள். 170 ரூபாய் நஷ்டம். மூன்றுக்கு இரண்டு ஜெயித்தால்தான் 80 ரூபாய் கையில் நிற்கும். மாதக்கணக்கில் மூன்றுக்கு இரண்டு ஜெயிக்கும் ஆளை ரேஸ் உலகம் பார்த்ததில்லை. இதற்கு மேல், ஜெயித்த தொகை 10,000 ரூபாயைத் தாண்டினால் 30 சதவீத வருமான வரி பிடித்தம் வேறு.

ரேஸில் நிஜமாகவே கோடிகளைக் குவித்தவர்கள் உண்டு. பில் பென்டர் என்ற அமெரிக்கர் 1980களில் ஹாங்காங் போய், குதிரை, ஜாக்கி, தூரம், தரை என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, முதல் சில வருடங்கள் கையைச் சுட்டுக்கொண்டு, பிறகு கொள்ளை கொள்ளையாக ஜெயித்தார். அவர் யாருக்காவது 499 ரூபாய்க்கு விஐபி டிப்ஸ் விற்றாரா? ஜெயிக்கும் குதிரை தெரிந்தவர் அதை ஊருக்குச் சொன்னால் எல்லாரும் அதன் மேலேயே கட்டுவார்கள், அவருக்குக் கிடைக்கும் பணம் சுருங்கும். தெரிந்தவர் வாயைத் திறக்க மாட்டார். மறுபக்கம், இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் இங்கிலாந்து ரேஸ் மைதானங்களில் தலையில் இறகுக் கிரீடத்தோடு "ஐ காட்டா ஹார்ஸ்!" என்று கூவித் திரிந்த பிரின்ஸ் மோனோலுலு டிப்ஸ் விற்றே பிழைத்தார். அவர் இளவரசரும் இல்லை. அந்தப் பட்டமும் சொந்தத் தயாரிப்புதான். அவரிடமாவது வேடிக்கை பார்த்த சந்தோஷம் மிஞ்சும்.

இப்போதைய ஆட்களிடம் அதுவும் இல்லை. முதலில் 'சும்மா' டிப்ஸ். அப்புறம் விஐபி குரூப்புக்குச் சந்தா. அதற்கப்புறம் 'ஃபிக்ஸ் ஆன ரேஸ், ஜாக்கியே நம்ம பையன்' என்று குரலைத் தாழ்த்தி ஒரு போன். (ரேஸ் ஃபிக்ஸ் ஆனது என்று தெரிந்தே பணம் கட்டுபவர், ஏமாந்தால் போலீசில் என்ன சொல்லிக் கதறுவார் என்று யோசித்ததுண்டா? இவர்களுக்கு வேண்டியதே அதுதான்.) பிறகு ஒரு ஆப் லிங்க். அதில் உங்கள் பெயரில் பணம் ஏறிக்கொண்டே போகும். ஆயிரம் போட்டீர்கள், இருபதாயிரம் ஆகிவிட்டது, மூன்று லட்சம் ஆகிவிட்டது. எடுக்கப் போனால், "சார், 30 சதவீதம் டிடிஎஸ் கட்டணும். 90,000 அனுப்புங்க, உடனே ரிலீஸ் பண்றோம்."

இதை நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டிடிஎஸ் என்பது தருகிறவர் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவது. ஜெயித்தவர் முன்கூட்டித் தன் பையிலிருந்து கட்டும் டிடிஎஸ் என்று ஒன்று கிடையவே கிடையாது. யாராவது கேட்டால் அந்த மூன்று லட்சம் திரையில் மட்டும்தான் இருக்கிறது. 90,000 அனுப்பினாலும் அடுத்து 'ஜிஎஸ்டி பாக்கி', அதற்கடுத்து 'அக்கவுன்ட் வெரிஃபிகேஷன்' வரும்.

இன்னொரு கூட்டம், கடன் கொடுக்கும் திருட்டு புக்கிகள். வரியும் இல்லை, டிக்கெட்டும் இல்லை, "ஞாயித்துக்கிழமை செட்டில் பண்ணிக்கலாம் அண்ணே" என்பார்கள். காசு கையில் இல்லாதபோதும் பந்தயம் கட்ட முடிகிறது என்பதே பெரிய கண்ணி. தோற்றால் வாசலில் ஆள் நிற்கும். ஜெயித்தால் போன் ஸ்விட்ச் ஆஃப். கோர்ட்டுக்குப் போகலாமா? 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆவது பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. ஜெயித்த பணத்தைக் கேட்டு வழக்குப் போட முடியாது.

கிண்டியில் நிலைமை மாறியதும் இவர்களுக்குச் சாதகம். 2024 ஜூனில் ஊட்டி ரேஸ் மைதான நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில், மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்கு 1945இல் 99 வருடக் குத்தகைக்கு விட்ட கிண்டி நிலத்தின் குத்தகையையும் ரத்து செய்தது. விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. மைதானத்துக்குப் போகிறவராவது ரேஸுக்கு முன் குதிரையை நடத்திக் காட்டுவதைப் பார்க்கலாம், வியர்க்கிறதா, நொண்டுகிறதா என்று தெரியும், கையில் இருக்கும் காசு தீர்ந்தால் பஸ் ஏறலாம். போனில் குதிரையும் தெரியாது, காசு தீர்வதும் தெரியாது.

தெரியாத நம்பரிலிருந்து வரும் டிப்ஸுக்குப் பதில் அனுப்பாதீர்கள், பலித்தாலும் சரி. பலித்தால் கட்டாயம் அனுப்பாதீர்கள். நம்பரை பிளாக் செய்யுங்கள். வீட்டில் யாராவது திடீரென்று சனி, ஞாயிறு மட்டும் போனும் கையுமாக மொட்டைமாடிக்குப் போய்ப் பேச ஆரம்பித்திருந்தால், சண்டை போடாமல் உட்கார வைத்துக் கேளுங்கள். விட முடியவில்லை, தூக்கம் போய்விட்டது என்றால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், இலவசம். பணம் ஏற்கெனவே போயிருந்தால் மானம் போய்விடுமே என்று உட்கார்ந்திராமல், இந்த நிமிடமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அடியுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் சொன்னால்தான் முடக்க முடியும்.